பட்டம் பெற்றது படைமுகாமுக்கா?

வன்னி மண்ணில் வயல் செய்து வாழும் கமக்காரர் ஒருவர் எழுதிய கடிதம் இவ்வாரம் எமது மேசைக்கு வந்துள்ளது. அவருடைய மூத்த மகள் கலைப் பட்டதாரி. பட்டம் பெற்று மூன்று ஆண்டுகள் கழிந்தும் உத்தியோகம் கிட்டவில்லை. அண்மையில், கிராமத்தை அடுத்துள்ள படைமுகாமிலிருந்து வந்த ஒருவர், இராணுவத்திற் சேர்வதற்கான விண்ணப்பப் படிவமொன்றை அவள் கையிற் கொடுத்துச் சென்றிருக்கின்றார். சம்பளம் உண்டு, உணவு உண்டு, உறையுள் உண்டு, பிற்காலத்தில் ஓய்வூதியமும் உண்டு என்று விளக்கமும் சொல்லியிருக்கின்றார். மகள் அந்தப் படிவத்தைச் சுவாமி படத்தடியில் வைத்துவிட்டு, "ஐயா, நீங்கள் ஓமெண்டால் ஓம், இல்லையெண்டால் இல்லை" என்று கூறி அடுப்படிக்குப் போய்விட்டாளாம். தந்தைக்கோ நா எழவில்லை. அவருடைய தங்கை, 2009 ஆம் ஆண்டு காணாமற்போன மகனின் படத்தை நெஞ்சில் அணைத்தபடி, 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டப் பந்தலிற் குந்தியிருந்த தாய்மாருள் ஒருத்தி. மகளை அனுப்பினால் தங்கையின் முகத்தில் எப்படி விழிப்பது? அனுப்பாவிட்டால் மகளின் முகத்தில் எப்படி விழிப்பது? இதுவே அவருடைய கேள்வி.

எமது விடையை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். அனுப்ப வேண்டாம். ஆயினும், இந்த ஒரு சொல்லை அந்தப் பெரியவரின் முற்றத்தில் எறிந்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வோமாயின், அது நாணயமான செயலாகாது. வேண்டாம் என்பவன் ஏன் வேண்டாம் என்பதையும், வேறு எது வேண்டும் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவன்.

இக்கேள்விக்கு விடை சொல்ல இருவகை உபதேசிகள் எப்போதும் ஆயத்தமாக நிற்கின்றனர். கொழும்பிலே குளிரூட்டிய மண்டபத்தில் இருந்துகொண்டு, "தமிழர் இராணுவத்திற் சேரட்டும், சேர்ந்தாற் படை எல்லோருக்கும் பொதுவாகிவிடும், நல்லிணக்கம் தானாகவே வந்துவிடும்" என்போர் ஒருவகை. கடல் கடந்த நாட்டிலே கதகதப்பான வீட்டில் இருந்துகொண்டு, "சேர்ந்தவள் துரோகி" என்று தீர்ப்பு எழுதுவோர் மறுவகை. முன்னவர் அந்தப் பெண்ணைக் கண்காட்சிப் பொம்மையாக்குகின்றனர்; பின்னவர் அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றனர். அவளுக்கு ஒரு வேலை வேண்டும் என்ற சின்னஞ்சிறு உண்மை இருவர் காதிலும் ஏறுவதில்லை.

முன்னவரின் வாதத்தை எடுத்துக்கொள்வோம். பட்டதாரி படைக்குப் போவது தமிழருக்குப் புதிய சங்கதியா? 1949 ஒக்டோபர் 10 ஆந் திகதி இலங்கை இராணுவம் தோற்றுவிக்கப்பட்டபோது அதன் தலைமை ஆங்கிலேயரிடம் இருந்தது. 1955 இல் முதன்முதலாக இந்நாட்டவர் ஒருவர் தளபதியானார். அவர் யார்? அன்ரன் முத்துக்குமாரு என்னும் தமிழர். ஒக்ஸ்போர்ட்டிற் கற்றுப் பாரிஸ்டராகிப் பின்னர் படைச் சேவையிற் புகுந்தவர். கடற்படைக்கு 1960 முதல் 1970 வரை தளபதியாக விளங்கிய ராஜன் கதிர்காமரும் தமிழரே. ஆகவே, தமிழர் சேராதபடியாற்றான் படை தமிழருக்கு அந்நியமாக நிற்கின்றது என்று எவரேனும் சொன்னால், அவர் வரலாறு தெரியாமற் சொல்கின்றார். அன்றேல் தெரிந்தும் மறைக்கின்றார் என்க.

முத்துக்குமாரு தளபதியாக வீற்றிருந்த காலத்தில் நடந்தவை எவை? 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு ஒக்டோபரிற் 'சிங்க' என்னும் நாமம் தாங்கிய காலாட்படைப் பிரிவொன்று எழுந்தது. 1958 இல் இனக் கலவரம் மூண்டது. அவ்வேளையில், அவசரகாலச் சட்டத்தின் கீழ், கலவரக்காரரை அடக்குவதற்கே இராணுவம் பயன்பட்டதென்பதை நாம் மறைக்கமாட்டோம். மறைத்தால் எமது பேச்சுக்கு மதிப்பில்லை. தேசாதிபதியின் மாளிகையிலிருந்து ஒழுங்கான கட்டளை பிறந்தது. படையும் ஒழுங்காக நடந்தது. மூன்றாண்டு கழியவில்லை. 1961 பெப்ரவரி 20 ஆந் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் நம்மவர் சத்தியாக்கிரகம் இருந்தனர். கத்தியில்லை, துவக்கில்லை, தரையிற் குந்தியிருந்தனர். ஏப்பிரில் 17 ஆந் திகதி அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது, இராணுவம் ஏவப்பட்டது, தலைவர்கள் பனாகொடைப் படைமுகாமிற் சிறைவைக்கப்பட்டனர். அன்றும் கடற்படைத் தளபதி தமிழர்தாம். இராணுவத்திலும் தமிழ் அதிகாரிகள் இருந்தனர். என்ன பயன்? கட்டளை மாறியது, படையும் மாறியது. சீருடைக்குள் இருந்த தமிழன் வாயைத் திறக்க வழியிருக்கவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு, 1962 ஜனவரியில், உயர் அதிகாரிகள் சிலரின் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி வெளிப்பட்டது. சம்பந்தப்பட்டோரிற் பெரும்பாலார் கிறிஸ்தவர். சிங்களவர், தமிழர், பறங்கியர் என மூவினத்தவரும் அவர்களுள் இருந்தனர். தண்டனை பெற்றவர்களைப் பிரிவிக் கவுன்சில் 1965 இல் விடுவித்துவிட்டது. ஆயினும், ஆட்சியாளர் கற்றுக்கொண்ட பாடம் வேறு. அதன் பின்னர் படைக்கு ஆட்சேர்ப்பது முழுக்க முழுக்கப் பெரும்பான்மை இனத்தையும் மதத்தையும் நோக்கியே திரும்பியது. அந்த ஆண்டு டிசெம்பரிற் 'கெமுனு' பிரிவு தோன்றியது. 1983 ஒக்டோபரில், ஆடிக் கலவரத்தின் சாம்பல் ஆறுமுன்னே, 'கஜபா' பிரிவு தோன்றியது. 1988 இல் 'விஜயபாகு' பிரிவு.

இப்பெயர்களைச் சற்று உரத்து வாசித்துப் பாருங்கள். எல்லாளனை வென்றவனென்று மகாவம்சம் கொண்டாடும் துட்டகைமுனு. சோழரைப் பொலநறுவையிலிருந்து விரட்டிய விஜயபாகு. சோழநாட்டிலிருந்து சிறைப்பிடித்து வந்தானெனச் சிங்களக் கதைகள் புகழும் கஜபாகு. (சிலப்பதிகாரத்திலே கண்ணகி விழாவுக்கு வந்த கயவாகு இவனே என்பர் ஆராய்ச்சியாளர். படைப்பிரிவுக்குப் பெயர் சூட்டியவர்கள் கண்ணகியை நினைத்துச் சூட்டியதாக நமக்குத் தெரியவில்லை.) வரலாற்றிற் சிறப்புப் பட்டம் பெற்ற தமிழ்ப் பிள்ளையொன்று இவற்றுள் எந்தப் பெயரைத் தன் தோளிற் குத்திக்கொள்ளும்? எல்லோருக்கும் பொதுவான படை என்கின்றீர்களே, எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெயர்தானும் உங்களுக்கு அகப்படவில்லையா?

பெயர் கிடக்கட்டும். மொழியைப் பாருங்கள். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரச கரும மொழியாகும் என்றது. 1988 ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தம் அதனை மேலும் விரித்தது. முகாம் வாயிலுக்கு வந்ததும் இத்திருத்தங்கள் இரண்டும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெளியே நின்றுவிடுகின்றன. உள்ளே பேச்சும் ஏச்சும் ஏடும் சிங்களத்தில்.

படையின் குணத்தை நிருணயிப்பது துவக்கேந்துபவனின் தாய்மொழியன்று. துவக்கை ஏவுகின்ற கட்டளை. இதற்குக் கசப்பான சாட்சியமொன்று நம் வீட்டு வாசலிலேயே கிடக்கின்றது. 1987 இல் வந்திறங்கிய இந்தியப் படையிலே மதராஸ் படையணியினரும் இருந்தனர். தமிழிலே வழிகேட்டு, தமிழிலே தண்ணீர் கேட்ட சிப்பாய்கள் நம் ஒழுங்கைகளில் நடந்தனர். அதனால், அவ்வாண்டு ஒக்டோபர் 21 ஆந் திகதி, தீபாவளி நாளில், யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள் வைத்தியரும் தாதியரும் நோயாளரும் சுடப்பட்டது தடுக்கப்பட்டதா? நாம் பிணங்களைத்தான் எண்ணினோம்.

இனி, இன்று நம் பிள்ளைக்கு நீட்டப்படும் சீருடையின் கதைக்கு வருவோம். 2000 டிசெம்பரில், இடம்பெயர்ந்திருந்த மக்கள் சிலர் தம் வீடுவளவைப் பார்த்துவர மிருசுவிலுக்குப் போயினர். எண்மர் கொல்லப்பட்டனர், ஐந்து வயதுப் பாலகனும் அவர்களுள் ஒருவன். சார்ஜன்ற் ஒருவர் குற்றவாளியெனக் காணப்பட்டு 2015 இல் மரண தண்டனை பெற்றார். 2019 இல் உயர்நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. இந்நாட்டிலே தமிழனைக் கொன்ற சிப்பாய்க்கு நீதிமன்றம் இறுதிவரை சென்று தண்டனை விதித்த வழக்குக்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றுள் இது ஒன்று. 2020 மார்ச்சு மாதம், நாடு முழுவதும் கொரோனா ஊரடங்கில் அடைபட்டுக் கிடக்கையில், ஜனாதிபதியின் மன்னிப்பு அந்த மனிதருக்குச் சிறைக்கதவைத் திறந்துவிட்டது. நீதிபதிகள் உழைத்தது வீண். சாட்சி சொன்ன ஏழையின் துணிவு வீண். இந்தச் சீருடையை அணியுமாறு மிருசுவிலுக்கு அயலூரில் வளர்ந்த பட்டதாரியிடம் கேட்பதற்கு, கேட்பவருக்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்!

சர்வகலாசாலை மாணவன் படைமுகாமைத் தேடிப் போவது ஒருபுறமிருக்க, படைமுகாமே அவனைத் தேடி வந்துகொண்டிருக்கின்றது என்பதைப் பெற்றோர் கவனித்தல் வேண்டும். 2011 மே மாதம், சர்வகலாசாலைகளுக்குத் தெரிவான மாணவரை விரிவுரை மண்டபத்தைக் காணுமுன்னே படைமுகாம்களுக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம். 'தலைமைத்துவப் பயிற்சி' என்று பெயர். 2020 இல் அரசாங்கம் ஆயிரக்கணக்கான பட்டதாரிகளைப் பயிலுநராகச் சேர்த்தபோதும் அதே கதை. கச்சேரியிற் கோப்புப் பார்க்கப் போகின்றவன் முதலில் இராணுவ நிலையத்திற் பயிற்சி பெற வேண்டுமாம். கோப்புக்கும் துவக்குக்கும் என்ன உறவு? கல்வியின் முதற்படியிலும் சிப்பாய், உத்தியோகத்தின் முதற்படியிலும் சிப்பாய் நின்றால், இந்நாட்டிலே குடிமகன் என்றொரு பிராணி எங்கே வளரும்?

2019 மே மாதம், உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்களைக் காரணங்காட்டி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை இராணுவத்தினர் சோதனையிட்டனர். குண்டு வைத்தவர்களுக்கும் அந்த மாணவருக்கும் முடிச்சுப் போட எவராலும் இயலவில்லை. ஆயினும், படமொன்று கிடந்ததென்று மாணவர் ஒன்றியத் தலைவரும் செயலாளரும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ப் பிடிக்கப்பட்டனர். படம் வைத்திருந்தாற் பயங்கரவாதி. படிவம் நிரப்பினாற் தேசபக்தன்!

1981 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் படை அதிகாரிகளுக்கென அமைக்கப்பட்டு, 2007 இற் பல்கலைக்கழகமென்று பெயர் பெற்று, காசு கட்டிக் கற்கும் சாதாரண மாணவரையும் சேர்த்துக்கொள்கின்ற கொத்தலாவலைப் பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தின் கதையையும் நம் வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். அதன் அதிகாரத்தைப் பெருக்க 2021 இற் சட்டமூலமொன்று வந்தபோது தென்னிலங்கை ஆசிரியரும் மாணவரும் வீதிக்கு வந்தனர். அவர்களுட் சிலரைப் பிடித்து எங்கே கொண்டுபோனார்கள் தெரியுமா? முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்புலவிலுள்ள விமானப்படை முகாமுக்கு! 'தனிமைப்படுத்தல்' என்று அதற்கொரு நாமகரணம். 2017 இல் நம் தாய்மார் தம் காணியைக் கேட்டு வீதியோரத்தில் இரவும் பகலும் கிடந்தார்களே, அந்தக் கேப்பாப்புலவுதான். காணி கேட்ட தமிழ்க் கமக்காரனுக்கு மறுக்கப்பட்ட நிலம், கல்வி கேட்ட சிங்கள ஆசிரியனுக்குச் சிறையாயிற்று. தென்னிலங்கை நண்பர்கள் அந்த முட்கம்பியை உள்ளிருந்து பார்த்தது நல்லதே. வெளியிலிருந்து நாம் நெடுநாளாகப் பார்த்துவருகின்றோம்.

காணி என்றதும் வலிகாமம் வடக்கை நினையாமல் இருக்க முடியவில்லை. 1990 இல் மக்கள் பெயர்ந்தனர். வெங்காயமும் வாழையும் புகையிலையும் பொங்கி விளைந்த செம்மண் அது. 2013 ஏப்பிரிலில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கு அறிவித்தல் ஒட்டினார்கள். போராடியும் வழக்காடியும் அதிற் பெரும்பகுதி பின்னர் கட்டங்கட்டமாக மீண்டது; இன்னொரு பகுதி இன்றும் மீளவில்லை. அந்த வேலிக்குள்ளே சிப்பாய் மரக்கறி பயிரிட்டுச் சந்தைக்கு அனுப்பியதைத் தோட்டக்காரர் தம் கண்ணாற் கண்டனர். நீர்க்கூலி இல்லை, ஆட்கூலி இல்லை, நிலக் குத்தகையும் இல்லை. கடன்பட்டுப் பயிரிட்டவன் இந்த விலையோடு எப்படிப் போட்டியிடுவான்? இப்போது இப்படி எண்ணிப் பாருங்கள். அகதி முகாமில் வளர்ந்த தோட்டக்காரனின் மகன் முட்டி மோதிப் படித்து விவசாய விஞ்ஞானப் பட்டம் பெறுகின்றான். வேலை இல்லை. படையிற் சேர்கின்றான். படைப் பண்ணையொன்றை மேற்பார்வை செய்யும் கடமை கிடைக்கின்றது. தகப்பனின் நிலத்திலே, தகப்பனின் கிணற்று நீரிலே, அரசாங்கச் சம்பளத்துக்குப் பயிரிட்டு, தகப்பனின் சந்தையை மகனே கெடுக்கின்றான். இதுதான் நல்லிணக்கமா? பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதையென்று நம் கிழவர்கள் சொல்வது இதைத்தான்.

ஆனால் சம்பளம் என்று ஒன்று இருக்கின்றதே! அதை மறந்து எழுதுகின்ற பேனா வயிறு நிறைந்தவனின் பேனா. போருக்குப் பின்னான ஆண்டுகளில், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும், சிவில் பாதுகாப்புத் திணைக்களம் முன்பள்ளிகளையும் பண்ணைகளையும் நடத்தியது. அத்திணைக்களத்தின் கீழ்ப் பணியாற்றிய முன்பள்ளி ஆசிரியைக்குப் படைப் பணியாளருக்குரிய சம்பளம். பக்கத்துக் கிராமத்திலே ஊர்ச் சங்கத்தின் கீழ் அதே அரிச்சுவடியைப் படிப்பித்த ஆசிரியைக்குச் சில ஆயிரம் ரூபா. அதுவும் சில மாதங்களில் வராது. எவள் எங்கே போவாள்? 2018 யூனில், மாற்றலாகிப் போன அத்திணைக்கள அதிகாரியொருவரை விசுவமடு மக்கள் தோளிற் சுமந்து, கண்ணீர் விட்டு வழியனுப்பினர். முன்னாட் போராளிகளும் அவர்களுள் இருந்தனர். பத்திரிகைகளிற் படத்தைப் பார்த்துப் பலர் கொதித்தார்கள். நமக்கு அந்த மக்கள் மீது கோபம் வரவில்லை. சிறையிலிருந்து வந்தவனுக்கு ஒரு கூலிவேலை கொடுக்க நம்முள் எவருக்கும் மனம் வராதபோது, சீருடைக்காரன் ஒருவன் கொடுத்தான். அழுதார்கள். நாம் கொடுத்திருந்தால் நமக்காக அழுதிருப்பார்கள்.

2012 நவம்பரில் வன்னிப் பெண்கள் நூற்றுவருக்கு மேற்பட்டோர் இராணுவத்திற் சேர்க்கப்பட்டனர். எழுதுவினைஞர் வேலை போன்ற ஒன்று என்று எண்ணியே சென்றதாக அவர்களுட் சிலரின் வீட்டார் சொன்னதாக அக்காலச் செய்திகள் கூறின. அடுத்த மாதமே அவர்களுட் பலர் நோயுற்றுக் கிளிநொச்சி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட, பேய் பிடித்ததென்று ஒரு கதையும் உலாவியது. எந்தப் பேய் என்று சொல்லத்தான் ஆளில்லை.

இந்நிலை வானத்திலிருந்து விழுந்ததன்று. தமிழ் இளைஞனுக்கு அரசாங்க உத்தியோகக் கதவு எப்படி அடைபட்டதென்று ஒரு வரலாறு உண்டு. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தமைக்காக எழுதுவினைஞர் கோடீஸ்வரனின் சம்பள உயர்ச்சி 1962 இல் நிறுத்தப்பட்டது; அவர் பிரிவிக் கவுன்சில் வரை சென்று 1969 இல் ஒரு தீர்ப்பைப் பெற்றார். பல்லாயிரவர் வழக்குக்குப் போகவில்லை, வீட்டுக்குப் போயினர். எழுபதுகளிலே தரப்படுத்தல் வந்து சர்வகலாசாலைக் கதவையும் ஒருக்களித்தது. அந்த இடுக்கிற் புகுந்து பட்டம் பெற்ற பிள்ளைகள் 2017 ஆம் ஆண்டின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில், ஆம், நம் முன்னோர் 1961 இற் சத்தியாக்கிரகம் இருந்த அதே கச்சேரிச் சுற்றாடலில், வேலை கேட்டு மாதக்கணக்கிற் பாயில் இருந்தனர். கச்சேரிக் கதவை அடைத்துவைத்துக்கொண்டு முகாம் கதவை அகலத் திறப்பவர் யார்? ஒரே வீட்டுக்காரர்தாம்! முன்வாசலிற் பட்டினி போட்டுக் கொல்லைப்புறத்திற் கஞ்சி ஊற்றுவதைத் தருமம் என்று நாம் ஒப்பமாட்டோம்.

அந்தக் கஞ்சியும் நிரந்தரமா? 2023 ஜனவரியில் அரசாங்கமே அறிவித்தது: 200,783 ஆக இருந்த இராணுவ ஆளணியை 2024 அளவில் 135,000 ஆகவும், 2030 இல் 100,000 ஆகவும் குறைப்பதாம். அப்படிக் குறைகின்ற படைக்குள் கடைசியாகப் புகுகின்ற தமிழ்ப் பிள்ளையின் இடம் எது? முதலில் வெளியேறும் வரிசை எது? படையிலிருந்து வெளியேறியவனின் கதியையும் பாருங்கள். 2024 இல், நூற்றுக்கணக்கான ஓய்வுபெற்ற இலங்கைச் சிப்பாய்கள் கூலிக்காக ரஷ்ய, உக்கிரேனியப் போர்முனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் செத்தும் சிதைந்தும் போனமை வெளிச்சத்துக்கு வந்தது. அவர்கள் யார்? பெரும்பாலும் சிங்களக் கமக்காரரின் பிள்ளைகள். குளத்துநீர் வற்றிய ஊர்களிலே, வேறு தொழிலில்லாமற் படைக்குப் போனவர்கள். அவர்கள் மீது நமக்குப் பகையில்லை. அந்த வறுமையை ஒத்த வறுமைதான் இன்று நம் பிள்ளையின் படிவத்திலும் கையொப்பம் கேட்கின்றது.

இவ்விடத்திலே நம் சொந்த முற்றத்தையும் கூட்டியாக வேண்டும். படித்த பிள்ளையைப் படை கேட்பது இது முதற்றடவையா? 1983 இன் பின்னர் ஏட்டை மூடிவைத்துவிட்டு எத்தனை மாணவர் இயக்கங்களுக்குப் போயினர்! தாமாகப் போனோர் பலர். ஆயின், 1989 இல், இந்தியப் படையின் நிழலிலே 'தமிழ்த் தேசிய இராணுவம்' என்று பெயரிட்டுப் பள்ளிப் பிள்ளைகளை வழிமறித்துப் பிடித்தார்களே, அவர்கள் தாமாகப் போனவர்களா? போரின் இறுதி ஆண்டுகளில், வன்னியிலே, வீட்டுக்கொரு பிள்ளையென்று இழுத்துச் செல்லப்பட்டவர்கள் தாமாகப் போனவர்களா? பதுங்குகுழிக்குள் மகளை மறைத்துவைத்த தாயின் கதை அந்தக் கடிதமெழுதிய கமக்காரருக்குத் தெரியும்; அவருடைய ஊரிலே அது எல்லோருக்கும் தெரியும். அன்று அதைக் கண்டும் வாய்மூடியிருந்த பேனாக்களுட் பல, இன்று அந்தப் பெண்ணைப் பார்த்துத் துரோகி என்று எழுத உரிமை பெறமாட்டா. தமிழ்ப் பட்டதாரியை எந்தப் படையும் கேட்கவேண்டாம் என்றுதான் நாம் சொல்கின்றோம்.

சீருடையில் மக்களுக்குச் சேவைசெய்ய விரும்பும் பிள்ளைக்கு வழியில்லையா? உண்டு. 1987 ஆம் ஆண்டின் திருத்தத்திலேயே மாகாணப் பொலிசு எழுதப்பட்டிருக்கின்றது. தன் ஊரிலே, தன் மொழியிலே, தன் மக்களின் சபைக்குப் பொறுப்புக் கூறி, கள்ளனைப் பிடிக்கவும் மணற்கொள்ளையைத் தடுக்கவும் போதைப்பொருளை ஒழிக்கவும் ஒரு சேவை. அந்த அதிகாரம் இன்றுவரை எந்த மாகாணத்தின் கைக்கும் வரவில்லை. தமிழர் படையிற் சேரட்டும் என்று உபதேசிக்கும் கொழும்புக் கனவான்கள், அரசியலமைப்பில் ஏற்கனவே அச்சடித்துக் கிடக்கும் இதை ஏன் கேட்பதில்லை? தமிழன் கையில் அதிகாரம் வேண்டாம், தமிழன் காலிற் சப்பாத்து இருந்தாற் போதும் என்பதுதானே கருத்து?

அரசாங்கத்திடம் நாம் கேட்பவை பழையவை, மீண்டும் கேட்கின்றோம். வடக்குக் கிழக்கிலே தமிழில் மக்களுக்கு மறுமொழி சொல்ல ஆளில்லாத அலுவலகங்கள் எத்தனை! அவற்றில் நம் பட்டதாரிகளை நியமியுங்கள். முன்பள்ளி எங்கெங்கு இன்னும் பாதுகாப்புத் திணைக்களத்தின் கையில் இருக்கின்றதோ, அங்கெல்லாம் அதை மாகாணக் கல்விப் பகுதிக்கு ஒப்படைத்து, ஆசிரியைக்குச் சம்பளக் குறைவில்லாமற் பார்த்துக்கொள்ளுங்கள். காணியைக் கொடுங்கள். காணாமற்போனோரின் தாய்மாருக்குப் பதில் சொல்லுங்கள். இவை நடந்த பின்னர், எல்லா மக்களுக்கும் பொதுவான பெயரோடும் மொழியோடும் சட்டத்தோடும் ஒரு படை அமையுமானால், அதிலே சேர்வதா வேண்டாமா என்பதை நம் பிள்ளைகள் அன்று தீர்மானிப்பார்கள். அதற்கு நாம் குறுக்கே நிற்கமாட்டோம்.

அரசாங்கத்தைக் கேட்பது சுலபம். உங்களைக் கேட்பதுதான் கஷ்டம். டாக்டர்மாரே, அப்புக்காத்துமாரே, எஞ்சினியர்மாரே, கணக்காளர்களே! உங்களில் எத்தனை பேருடைய மகளுக்கு இந்தப் படிவம் வந்தது? வரவில்லை. உங்கள் பிள்ளை இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கின்றது. படிவம் போவது ஓலைவீட்டுக்கு. கோபுரத்துக்குக் கோடி சேர்க்கின்றோம். கும்பாபிஷேகத்துக்கு வானத்திலிருந்து பூச்சொரிகின்றோம். கலியாண மண்டபத்தில் ஓர் இரவுக்கு விளக்குப் போட்ட காசு, வன்னியில் முன்பள்ளி ஆசிரியை ஒருத்தியின் ஓராண்டுச் சம்பளம். அவள் படைக்குப் போய்விட்டாள் என்று மட்டும் மறுநாட் காலையிற் கவலைப்படுகின்றோம்.

எமது கமக்காரப் பெருமக்களிலும் சிறிது குறையுண்டு. பட்டம் பெற்ற பிள்ளை வயலில் இறங்கினால் அவமானம், அரசாங்கக் கதிரையில் இருந்தாற்றான் பெருமை என்று பிள்ளையின் காதில் ஓதி ஓதி வளர்த்தவர்கள் நாமே. நெல்லை ஈரத்தோடு அறாவிலைக்கு விற்றுவிட்டு அரிசியைக் கடையில் வாங்குகின்றோம். ஊர்க் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு நெல்லாலையும் உலர்த்தும் தளமும், கணக்கும் சந்தையும் தெரிந்த இரு பட்டதாரிகளும் இருந்தால் அந்த இலாபம் யாருக்கு? இது பெரிய காரியமன்று. வடபகுதிக் கூட்டுறவு இயக்கம் ஒருகாலத்தில் வைத்தியசாலையே கட்டி நடத்தியது. மூளாயில் அது இன்றும் நிற்கின்றது.

கடிதமெழுதிய பெரியவருக்குத் தனியாக மறுமொழி அனுப்பியுள்ளோம். படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது மகளையும் உடன் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், நீங்களே கொடுங்கள். அவள் மீது எவர் கண்ணும் விழவேண்டாம் என்று எழுதியிருக்கின்றோம். அவள் போகத்தான் போகின்றாள் என்றாலும், வீட்டுக் கதவை அடைக்க வேண்டாம்; தங்கையிடமும் அதைச் சொல்லிவையுங்கள் என்றும் எழுதியிருக்கின்றோம்.

ஒவ்வொரு கிராமத்துச் சனசமூக நிலையமும், தன் ஊரில் வேலையின்றியிருக்கும் பட்டதாரிகள் எத்தனை பேர், என்ன பாடத்திற் பட்டம் பெற்றோர் என்று எண்ணி எமக்கு அனுப்பட்டும். பெயர் வேண்டாம், தொகையும் பாடமும் போதும். ஆளொருவரை வேலைக்கு வைத்துக்கொள்ள வசதியுள்ள வைத்தியர், சட்டத்தரணி, வணிகர், சங்கத்தார், வெளிநாட்டு அன்பர் எவராயினும், எத்தனை பேருக்கு, என்ன சம்பளத்துக்கு என்று எழுதட்டும். அடுத்த மாதம் முதற் கிழமையிலிருந்து இப்பத்திரிகையின் நான்காம் பக்கத்தை அதற்கென ஒதுக்குகின்றோம். இடப்பக்கத்தில் ஊர்களின் தொகை வரும். வலப்பக்கத்தில் வேலை தருவோரின் தொகை வரும்.